யாருக்கு, எதற்கு, எதுவரை? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளின் கிளவுட் கேள்வி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை போகும் சாலையில் உள்ள பெரிய ஆலைகளுக்குள் வெளியாள் ஒருவர் எளிதில் நுழைந்துவிட முடியாது. அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, லேப்டாப்பின் சீரியல் எண்ணைக் கொடுத்து, கைபேசிக் கேமராவின் மீது ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் பாஸ் கிடைக்கும். யாரைப் பார்க்க வந்தவர், எந்தக் கட்டடம் வரை போகலாம், எப்போது வெளியேற வேண்டும் என்ற மூன்றும் அந்தச் சீட்டில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளரின் பாஸுக்குத் தேதி உண்டு. தேதி முடிந்த மறுநாள் அவரை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இந்த ஆலைகளின் உற்பத்தித் திட்டம், தரப் பதிவு, கொள்முதல் கணக்கு எல்லாம் இன்று ஆலைச் சுவருக்குள் மட்டும் இருப்பதில்லை. அவற்றில் பெரும் பகுதி சென்னையிலோ மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள தரவு மையங்களில், வாடகை சர்வர்களில் இருக்கிறது. அந்த வாசலில் நுழைவோரிடமும் மேற்சொன்ன மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றனவா? கடந்த பத்தாண்டில் உலக வாகன, மின்னணு உற்பத்தித் துறையில் நடந்த சறுக்கல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பல இடங்களில் கேட்கவில்லை என்று தெரிகிறது. சறுக்கியவர்களின் பட்டியலில் இந்த வழித்தடத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனங்களின் பெயர்களும் உண்டு.

கிளவுடுக்குப் போகலாமா, வேண்டாமா என்ற விவாதம் பழையதாகிவிட்டது. போனவர்கள் எதை எங்கே ஓட்டுகிறார்கள், மென்பொருளை எப்படிப் பொதிகிறார்கள், நெட்வொர்க்கை எப்படிப் பிரிக்கிறார்கள், யாருக்கு என்ன அனுமதி தருகிறார்கள் என்ற நான்கையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. முதல் மூன்றும் தொழில்நுட்ப முடிவுகள். பணம் கொடுத்தால் ஆள் கிடைப்பார்கள். நான்காவது நிர்வாக வேலை. ஆலை இழப்பதும் காப்பாற்றிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த நான்காவதில்தான்.

வழித்தடமும் அதன் தரவும்

1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், இவற்றோடு ஃபாக்ஸ்கான் என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுவியல் ஆலைகள் வந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வாகன ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட் பூங்காக்களில் இவற்றுக்குப் பாகங்கள் தரும் வெண்டர் நிறுவனங்கள் நிறைந்திருக்கின்றன.

நவீன வாகன ஆலை பாகங்களைக் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. லைனில் அடுத்து வருவது எந்த மாடல், எந்த நிறம் என்பது கணினி வழியே வெண்டருக்குப் போகிறது. இருக்கையும் பம்பரும் அதே வரிசையில் லாரியில் அடுக்கப்பட்டு வந்து சேர்கின்றன. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருக்கும். எனவே செய்தி நின்றால் சிறிது நேரத்தில் லைனும் நிற்கும்.

அரசின் வரி முறையும் இந்தப் பிணைப்பை இறுக்கியிருக்கிறது. மின்வழிச் சீட்டான இ-வே பில் 2018இல் நடைமுறைக்கு வந்தது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் ₹500 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாகக் கீழிறங்கி, 2023 ஆகஸ்ட்டில் ₹5 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் வரை வந்துவிட்டது. அரசு போர்ட்டலிலிருந்து பதிவு எண்ணும் கியூஆர் கோடும் வராமல் சரக்குக்கு முறையான பில் கிடையாது. நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்டர்நெட் போனால், பாகம் தயாராக இருந்தும் வண்டி கிளம்பாது. கிளவுட் என்ற சொல்லையே பயன்படுத்தாத சிறு முதலாளியும் இப்படித்தான் அதற்குள் வந்து சேர்ந்தார்.

எது ஆலையில், எது கிளவுடில்

மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் மூன்று கிளவுட் மண்டலங்களைத் திறந்தது. அவற்றில் ஒன்று சென்னை. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் மண்டலங்கள் அமைத்தது. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற தேவை இதனால் தீர்ந்தது. தூரம் மட்டும் தீரவில்லை.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே கேபிள் செல்லும் வழி 1,300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர மட்டும் 13 மில்லிநொடி ஆகும். வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். மின்னஞ்சலுக்கோ கணக்குக்கோ இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ரோபோ கையையும் பிரஸ்ஸையும் இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி சில மில்லிநொடிகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் கட்டளையை மும்பையிலிருந்து வரவழைப்பது நடக்காத காரியம். நடந்தாலும், சாலை விரிவாக்கத்தில் பொக்லைன் ஒரு கேபிளை வெட்டினால் லைன் நின்றுவிடும்.

இதனால் வேலைகள் மூன்றாகப் பிரிகின்றன. இயந்திரக் கட்டுப்பாடும் பாதுகாப்பு நிறுத்தமும் இயந்திரத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். பார்கோடு சரிபார்ப்பு, கேமரா வழித் தரச் சோதனை, அன்றைய உற்பத்தி வரிசை ஆகியவை ஆலைக்குள் உள்ள ஒரு சிறு சர்வரில் ஓடி, வெளித்தொடர்பு அறுந்தாலும் ஒரு ஷிஃப்டாவது தாக்குப்பிடிக்க வேண்டும். பல ஆண்டுத் தரப் பதிவுகள், ஆலைகளை ஒப்பிடும் பகுப்பாய்வு, கொள்முதல், வெண்டர் போர்ட்டல், காப்புப் பிரதி இவை கிளவுடுக்குப் பொருத்தமானவை.

இப்படிப் பிரிக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. காரணம் தாக்குதல் அல்ல. இரண்டு நாள் முன்பு நடந்த வழக்கமான பராமரிப்பின்போது பாக ஆர்டர் சர்வர்களில் வட்டு இடம் போதாமல் போயிற்று. காப்பு சர்வர்களும் அதே அமைப்பிலேயே ஓடியதால் அவையும் சேர்ந்து படுத்தன. அவை டொயோட்டாவின் சொந்த சர்வர்கள். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் ஒரு தரவுத்தளச் சேவைக்கான முகவரிப் பதிவில் ஏற்பட்ட கோளாறு, உலகெங்கும் பல செயலிகளைப் பல மணி நேரம் முடக்கியது. அது வாடகை சர்வர். சொந்த சர்வர் பத்திரம் என்பவருக்கும் கிளவுட் விழாது என்பவருக்கும் இந்த இரண்டும் சேர்த்துப் பதில் சொல்கின்றன: இடம் எதுவானாலும், காப்பு வேறொரு வேரில் நிற்க வேண்டும்.

கன்டெய்னர்: பயனும் பொறியும்

ஒரு மென்பொருளை, அதற்குத் தேவையான நூலகங்களோடும் அமைப்புக் கோப்புகளோடும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி, எந்த லினக்ஸ் சர்வரிலும் ஒரே மாதிரி ஓட வைப்பதே கன்டெய்னர். 2013இல் டாக்கர் இதை எளிமையாக்கியது. நூற்றுக்கணக்கான பொதிகளைப் பல சர்வர்களில் பகிர்ந்து ஓட்டி, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பும் குபர்நெட்டீஸை கூகுள் 2014இல் திறந்த மூலமாக வெளியிட்டது. மெர்சிடஸ்-பென்ஸின் மென்பொருள் பிரிவு 900 குபர்நெட்டீஸ் தொகுப்புகளை நடத்துவதாக 2022இல் சொன்னது.

ஆலைக்கு இதன் பயன் நேரடியானது. பெயின்ட் ஷாப்பில் கீறலைக் கண்டுபிடிக்கும் கேமரா மென்பொருளின் புதிய பதிப்பை முதலில் ஒரு லைனில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம்; தவறாக நிராகரித்தால் சில நிமிடங்களில் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இரவு ஷிஃப்டில் ஒருவர் ஒவ்வொரு கணினியாகப் போய் சிடி போட்டு நிறுவிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஆலைக்குள் வைக்கும் சிறிய சர்வர்களுக்கென்றே கே3எஸ் போன்ற எடை குறைந்த வடிவங்களும் வந்துவிட்டன.

பொறி இருப்பது இயல்பு அமைப்புகளில். குபர்நெட்டீஸை நிறுவியவுடன், அதற்குள் ஓடும் எந்தப் பொதியும் மற்ற எந்தப் பொதியோடும் பேசலாம். அதைத் தடுக்கும் விதிகளைத் தனியே எழுத வேண்டும். எழுதினால் போதாது, அவற்றைச் செயல்படுத்தும் நெட்வொர்க் செருகியும் இருக்க வேண்டும். ரகசியங்கள் என்ற பெயரில் சேமிக்கப்படும் கடவுச்சொற்கள் இயல்பாக மறையாக்கம் செய்யப்படுவதில்லை. பார்வைக்குப் புரியாத எழுத்துகளாக மாற்றி வைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். ஒரு கட்டளையில் அவற்றைப் படித்துவிடலாம். அவசரத்தில் ஒருவருக்கு முழு நிர்வாகி உரிமை கொடுத்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்கச் சொல்லி எந்த எச்சரிக்கையும் வராது.

டெஸ்லா விழுந்தது இந்த வகைப் பொறியில்தான். அதன் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. உள்ளே புகுந்தவர்கள் டெஸ்லாவின் செலவில் கிரிப்டோ நாணயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ஒரு பொதியில் அமேசான் கணக்கின் சாவிகளும் கிடந்தன. மென்பொருளில் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. திறந்த கதவே போதுமானதாக இருந்தது.

ஒரு பரிந்துரையை இங்கேயே சொல்லிவிடலாம். ஐ.டி.க்கு இரண்டு பேர் மட்டும் இருக்கும் நிறுவனம் சொந்தமாக குபர்நெட்டீஸ் நடத்த வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பல முறை பதிப்பு மாறும் அமைப்பைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அது பராமரிக்கப்படாத பாய்லர்.

நெட்வொர்க்: ஒரகடம் கண்ட பாடம்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. பிரான்ஸில் ரெனோவின் ஆலைகளும் இங்கிலாந்தில் நிசானின் சண்டர்லாந்து ஆலையும் தாக்கப்பட்டன. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்த வார இறுதியில் செய்திகள் வந்தன. இந்த வழித்தடத்தில் கணினித் தாக்குதல் என்பது செய்தித்தாள் விஷயத்திலிருந்து ஷிஃப்ட் விஷயமாக மாறியது அப்போதுதான் எனலாம்.

வான்னாக்ரை பயன்படுத்தியது விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையின் ஓட்டையை. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. பிறகு ஏன் ஆலைகள் விழுந்தன? சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயமாகாது. அளவிடும் கருவியோடு சேர்ந்து வந்த கணினியில் தன் அனுமதியில்லாமல் திருத்தம் நிறுவினால் உத்தரவாதம் போகும் என்று கருவி விற்றவர் எழுதிக் கொடுத்திருப்பார். லைனை நிறுத்தித் திருத்தம் போட உற்பத்தி மேலாளர் சம்மதிக்கமாட்டார். பதினைந்து ஆண்டு உழைக்கும் இயந்திரத்தில் பத்து ஆண்டுக்கு முன் ஆதரவு முடிந்த விண்டோஸ் ஓடும். திருத்த முடியாத கருவிகள் ஆலையில் எப்போதும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி தானாக எழும்: அவை யாரோடெல்லாம் பேச முடிகிறது?

2018 ஆகஸ்ட்டில் தைவானின் டிஎஸ்எம்சி சில்லு ஆலைகளுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்தார்கள். அதிலிருந்த வான்னாக்ரை வகை நிரல் பல ஆலைகளுக்குப் பரவி, சில நாட்கள் உற்பத்தியைக் குலைத்தது. வான்னாக்ரை உலகறிந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு நடந்தது இது.

இதற்கான மருந்து 1990களிலிருந்தே புத்தகத்தில் இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான அடுக்கு மாதிரி, இயந்திரம், கட்டுப்பாடு, ஆலை மேலாண்மை, அலுவலகம் என்று அடுக்குகளைப் பிரிக்கிறது. ஐஇசி 62443 தரநிலை அதையே மண்டலங்களாகவும் மண்டலங்களுக்கு இடையேயான வழிகளாகவும் விரிக்கிறது. அலுவலகக் கணினி நேராக பி.எல்.சி.யோடு பேசக் கூடாது; இடையில் ஒரு நடு மண்டலம் வேண்டும். கிளவுடுக்குத் தரவு அனுப்பும்போது இணைப்பை ஆலை உள்ளிருந்து வெளியே தொடங்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி மூடியிருக்க வேண்டும்.

கிளவுட் நெட்வொர்க்கில் பிரிப்பது எளிது, பிழை செய்வதும் எளிது. சுவர் எழுப்பி கேபிள் இழுக்க வேண்டியதில்லை; விதியில் ஒரு வரி போதும். அந்த வரியில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0/0 என்று எழுதினால் உலகம் முழுவதற்கும் திறந்துவிடும். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரத்துக்குத் திறக்கப்படும், தொலைவிலிருந்து நுழைவதற்கான 22ஆம், 3389ஆம் போர்ட்டுகள் மாதக்கணக்கில் திறந்தே கிடப்பது இத்துறையின் தீராத நோய். இன்னொரு சிக்கல் சிறியது, ஆனால் இணைக்கும் நாளில் எல்லோரையும் படுத்துவது. ஆலையும் வெண்டரும் தனித்தனியாக 192.168.1 என்றே தங்கள் முகவரிகளைத் தொடங்கியிருப்பார்கள். இரண்டையும் விபிஎன் வழியாகச் சேர்க்கும்போது முகவரிகள் மோதும்; அந்த மோதலைத் தவிர்க்க யாரோ ஒரு குறுக்கு வழி போடுவார்கள்; அந்தக் குறுக்கு வழி எந்த வரைபடத்திலும் இருக்காது.

அனுமதி: மீண்டும் மீண்டும் அதே கதவு

2019 மே மாதம், சாம்சங்கின் மென்பொருள் குழு ஒன்று பயன்படுத்திய கிட்லேப் நிரல் களஞ்சியத்தில் பல திட்டங்கள் பொதுவில் திறந்திருந்தது வெளிவந்தது. அவற்றில் ஒன்றில் கிடந்த சாவி, ஒரு முழு அமேசான் கணக்கையே திறந்தது. 2020 மே மாதம், டைம்லரின் கிட்லேப் சர்வரில், இல்லாத ஒரு நிறுவன மின்னஞ்சலைக் கொடுத்தே கணக்குத் தொடங்க முடிந்தது. 580க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் வெளியே போயின. 2021 ஜனவரியில், நிசான் வட அமெரிக்காவின் நிரல் சர்வர் ஒன்றின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அட்மின், அட்மின் என்றே இருந்தது தெரிந்தது. மூன்றும் வேறு நாடுகளில் நடந்தவை. மூன்றும் இந்த வழித்தடத்தில் ஆலை நடத்திய குழுமங்களுக்கு நடந்தவை.

டொயோட்டாவின் கதை இன்னும் நீளமானது. 2017இல் ஒரு துணை ஒப்பந்தக்காரர் டி-கனெக்ட் என்ற வாகன இணைப்புச் சேவையின் மூல நிரலில் ஒரு பகுதியை கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டார்; அதற்குள் தரவு சர்வரின் சாவி இருந்தது. ஐந்தாண்டு கழித்து, 2022இல்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நிறுவனம் இன்னொன்றை அறிவித்தது. கிளவுட் அமைப்பில் நேர்ந்த தவறால், ஜப்பானில் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகன இருப்பிட விவரங்கள் 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை வெளியிலிருந்து எட்டக்கூடிய நிலையில் இருந்தன. உற்பத்தி ஒழுக்கத்துக்கு உலகமே பாடம் படிக்கும் நிறுவனத்தில், ஒரு திறந்த கதவு பத்தாண்டு யார் கண்ணிலும் படவில்லை.

இந்த நிகழ்ச்சிகளில் மேதைமை மிக்க தாக்குதல் எதுவுமில்லை. கிளவுட் நிறுவனங்கள் பொறுப்பைத் தெளிவாகவே பங்கிடுகின்றன: கட்டடம், மின்சாரம், வன்பொருள், அடித்தள மென்பொருள் அவர்களுடையது, தரவும் அமைப்பும் அனுமதியும் வாடிக்கையாளருடையவை. இந்தப் பகுதியில் சொன்ன சறுக்கல்கள் அனைத்தும் வாடிக்கையாளரின் பங்கில் நடந்தவை.

அனுமதி முறையின் இலக்கணம் கடினமானதல்ல. பெரிய கிளவுட்களில் இயல்பு நிலை மறுப்பு. அனுமதித்தால் ஒழிய எதுவும் நடக்காது. அமேசானில், ஒரு விதி அனுமதித்து இன்னொரு விதி வெளிப்படையாக மறுத்தால் மறுப்பே வெல்லும். ஆட்களுக்கு நேராக அனுமதி தராமல் பொறுப்புகளுக்குத் தருவது வழக்கம்: தர ஆய்வாளர் என்ற பொறுப்பில் பதிவுகளைப் படிக்கலாம், அழிக்க முடியாது; பொறுப்பை ஏற்பவருக்குச் சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவி கிடைக்கும். இந்த இலக்கணத்தை உடைப்பது ஒற்றை நட்சத்திரக் குறி. ஒரு வேலை ஓடவில்லை. எந்த அனுமதி குறைகிறது என்று தேட நேரமில்லை. எல்லாவற்றுக்கும் எல்லா அனுமதியும் என்று நட்சத்திரம் போட்டதும் ஓடிவிடுகிறது. லைன் ஓடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நட்சத்திரம் அங்கேயே நிற்கிறது.

ஆலைக்கே உரிய கஷ்டங்களும் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது பொதுக் கணினியில் ஒரே லாகினில் மூன்று பேர் வேலை செய்வார்கள். கையுறை போட்ட கையால் நீண்ட கடவுச்சொல் தட்ட முடியாது. கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லாததால் ஓடிபியும் வராது. இங்கே கடுமையான கடவுச்சொல் விதி போட்டால் அது ஒரு ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரில் ஒட்டப்படும். கேட்டில் ஏற்கெனவே பயன்படும் அடையாள அட்டையைக் கணினியிலும் தட்டி நுழையச் செய்வது இதற்குக் கைகண்ட வழி. ஆளின் பெயர் பதிவாகும், வேலையும் தடைப்படாது.

கிளவுட் விற்பவர்களும் பாடம் கற்றிருக்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அமேசானில் புதிதாகத் திறக்கும் சேமிப்புக் கொள்கலன்கள் பொது அணுகல் மூடிய நிலையிலேயே பிறக்கின்றன. இது நல்ல மாற்றம். ஆனால் பழையவை பழையபடியே இருக்கும். மூடியதைத் திறக்கவும் முடியும். கட்டமைப்பு முழுவதையும் டெராஃபார்ம் போன்ற கருவியில் கோப்பாக எழுதி, இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அமல்படுத்தும் முறை இன்னும் ஒரு படி மேல். எந்தக் கதவை யார், எப்போது, யார் ஒப்புதலோடு திறந்தார் என்பது அதில் எழுத்தில் இருக்கும்.

சிறு வெண்டரின் கணினி

2022 பிப்ரவரி இறுதியில் ஜப்பானில் கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற பிளாஸ்டிக் பாக நிறுவனம் தாக்கப்பட்டது. மார்ச் 1 அன்று டொயோட்டாவின் 14 ஆலைகள், 28 லைன்கள் நின்றன. ஒரு நாள் இழப்பு சுமார் 13,000 வண்டிகள். கொஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று வெளியாருடன் தொடர்புகொள்ள வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவி வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். டொயோட்டாவின் கோட்டையை யாரும் உடைக்கவில்லை. கோட்டைக்குப் பாகம் தருபவரின் துணை நிறுவனத்தில் ஒரு பெட்டி பூட்டாமல் இருந்தது.

டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் 2025 செப்டம்பரில் சந்தித்தது எதிர்த் திசைச் சேதம். தாக்கப்பட்டது பெரிய நிறுவனம். இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்து வாரம் உற்பத்தி நின்றது. பணப்புழக்கம் வற்றித் தவித்தவர்கள் வெண்டர்கள். அந்நாட்டின் சைபர் கண்காணிப்பு மையம் மொத்த இழப்பை 190 கோடி பவுண்டு என்றும், பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000க்கும் மேல் என்றும் மதிப்பிட்டது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் வெண்டர் படிக்க வேண்டிய கணக்கு இது.

அந்த வெண்டரின் அலுவலகம் எப்படியிருக்கும்? கணக்கு டேலியில். அதை வீட்டிலிருந்தும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தும் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் போர்ட்டல் கடவுச்சொல், ஜிஎஸ்டி கடவுச்சொல், வங்கிக் கடவுச்சொல் எல்லாம் டிஸ்பாட்ச் மேசை நோட்டில். காப்புப் பிரதி அதே கணினியில் செருகிய ஹார்டு டிஸ்க்கில். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் வந்தால் அந்த டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். இதைக் கேலி செய்வதில் பயனில்லை. அங்கே ஐ.டி. என்பது மாதம் இருமுறை வந்துபோகும் ஒருவர்.

இந்த நிலையையும் மாற்ற முடியும் என்று காட்டியது எதிர்பாராத ஒரு துறை: வரித் துறை. இ-வே பில், இ-இன்வாய்ஸ் போர்ட்டல்களில் கைபேசி ஓடிபியோடு கூடிய இரட்டைச் சரிபார்ப்பு, ₹20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரியிலும், ₹5 கோடிக்கு மேல் பிப்ரவரியிலும், எல்லோருக்கும் ஏப்ரலிலும் கட்டாயமானது. முதலாளியின் கைபேசிக்கு ஓடிபி போனால், இரவு ஷிஃப்டில் பில் போடுகிறவர் அவரை எழுப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்குத் தீர்வாகப் போர்ட்டலிலேயே துணைப் பயனர்களை உருவாக்கும் வசதி உண்டு: ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி எண், தேவையான வேலைக்கு மட்டும் அனுமதி. பொதுக் கடவுச்சொல்லைக் கைவிட வைத்தது பாதுகாப்பு வகுப்பு அல்ல, வண்டி கிளம்ப வேண்டிய அவசரம்.

சட்டம் என்ன கேட்கிறது

இந்தியக் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு மூன்று முக்கியக் கடமைகளை முன்வைக்கிறது. பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; கடிகாரங்களை அரசு நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். பி.எல்.சி. ஒரு நேரம், வாசல் கேமரா ஒரு நேரம், கிளவுட் ஒரு நேரம் காட்டினால், எது முதலில் நடந்தது என்பதே தெரியாமல் விசாரணை படுத்துவிடும்.

6 மணி நேரக் கெடு ஆலைக்குக் கடினமானது. லைன் நின்றால் முதலில் இயந்திரக் கோளாறா என்று பார்ப்பார்கள், பிறகு நெட்வொர்க், கடைசியில்தான் தாக்குதல் என்ற நினைப்பு வரும். யார் பார்ப்பது, யார் தெரிவிப்பது, லைனை வெளித்தொடர்பிலிருந்து துண்டிக்க யாருக்கு அதிகாரம் என்பதை முன்பே எழுதி வைக்காத நிறுவனம் அந்தக் கெடுவைத் தாண்டிவிடும். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பக்கத்தைத் திறந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, விரல் ரேகை இவையெல்லாம் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் கணினிகளிலும் இருக்கின்றன. யார் அவற்றைப் பார்க்கலாம் என்பது இனி ஆலையின் பொறுப்புக்கும் வரும்.

பரிசீலனையின் முடிவு

மேலே கண்டவற்றைச் சேர்த்து நிறுத்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, கிளவுட் என்பதால் வந்த ஆபத்து குறைவு. மறந்துபோன அனுமதியால் வந்த ஆபத்து அதிகம். டொயோட்டாவின் பத்தாண்டுக் கதவும் நிசானின் அட்மின் கடவுச்சொல்லும் சொந்த சர்வரிலும் நடக்கக்கூடியவை. எனவே புதிய கருவிக்குச் செலவிடும் முன், இருக்கும் அனுமதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரையும் முடியும் தேதியையும் எழுதுவதே முதல் செலவாக இருக்க வேண்டும். அதை ஐ.டி. துறை மட்டும் செய்ய முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போவது மனிதவளத் துறைக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிவது கொள்முதல் துறைக்குத் தெரியும். இரண்டு செய்திகளும் அன்றே ஐ.டி.க்கு வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, திருத்த முடியாத கருவிகள் இருக்கும் வரை நெட்வொர்க் பிரிவுதான் ஆலையின் உண்மையான காப்பு. 2017க்குப் பிறகும் எல்லாக் கணினிகளும் ஒரே தளத்தில் பேசிக்கொள்ளும் ஆலை, வான்னாக்ரை தாக்கிய அந்த வார இறுதியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, வெண்டரின் பாதுகாப்பு வெண்டர் பாடு என்று பெரிய ஆலை ஒதுங்க முடியாது. தணிக்கைக் கேள்வித்தாளை அனுப்பி ஆம் என்று கட்டத்தில் குறி வாங்குவது பயன் தராது. குறியிடுபவருக்கே அந்தக் கேள்வி புரியாது. சிப்காட் பூங்காக்களில் சிறு நிறுவனங்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்கள் வைத்துக்கொள்வதை அரசும் தொழில் சங்கங்களும் அறியும். தனியே ஒவ்வொருவரும் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யும் வழி அது. கணினிப் பாதுகாப்புக்கும் அப்படி ஒரு பொதுச் சேவை வேண்டும்: ஐம்பது வெண்டர்களுக்கு ஒரு குழு, அவர்களுடைய காப்புப் பிரதியை வேறிடத்தில் வைப்பது, ரிமோட் இணைப்புகளைப் பூட்டுவது, மாதம் ஒரு முறை அனுமதிப் பட்டியலைச் சரிபார்ப்பது, தாக்குதல் நடந்தால் இரவில் போன் எடுப்பது. செலவில் ஒரு பங்கைப் பாகம் வாங்கும் ஆலை ஏற்கலாம். கொஜிமாவால் ஒரு நாளில் நின்ற 13,000 வண்டிகளின் கணக்கோடு ஒப்பிட்டால், அது ஆலைக்குத் தருமம் அல்ல, லாபம்.